பூஜ்ஜியப் பால்

பிப்ரவரி 12, திங்கள்

ஆய்வகப் பதிவேட்டில் "இந்த எந்திரத்தைச் செய்தவன் நாசமாய்ப் போக" என்று எழுதிவிட்டேனாம். டாக்டர் இளம்பரிதி கூப்பிட்டுப் பேசினார். திட்டவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. "யசோதாம்மா, பதிவேடு கோர்ட்டுக்குக்கூடப் போகும். மனசுல இருக்கறத வேற எங்காச்சும் எழுதுங்க" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒன்று மேசையில் சும்மா கிடந்தது. சரி, இனி எந்திரத்தை இதில் திட்டிக்கொள்கிறேன்.

பதினாறு வருடமாக இந்தக் கால்நடை ஆய்வகத்தில் இருக்கிறேன். ஆடு மாட்டின் ரத்தம், பால், மூத்திரம், இந்த மூன்றும்தான் என் பிழைப்பு. மார்கழியிலிருந்து புது வேலை ஒன்று வந்திருக்கிறது. மாடு தின்ற செடியின் விஷம் அதன் உடம்புக்குள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இந்த மூன்றிலும் அளக்க வேண்டும். எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்குச் சாகுபடி அதிகம். விதை மருந்துக்குப் போகிறது. செடி முழுக்க விஷம், கொல்சிசின் என்று பெயர். மாடு அதைத் தின்றால் பாலிலும் வரும்.

அளப்பதற்கு முதலில் விஷமே இல்லாத பால் வேண்டும். அதை எந்திரத்துக்குக் காட்டி, இதுதான் பூஜ்ஜியம் என்று பொத்தானை அழுத்த வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்றுதான் மற்ற பாலுக்கெல்லாம் கணக்குச் சொல்லும். பாக்கெட் பால் ஆகாது, எந்தெந்த மாட்டின் பாலோ கலந்திருக்கும். அதனால் எங்கள் வீட்டுச் செவலை மாட்டின் பாலைக் கொண்டுபோகிறேன். ரத்தமும் மூத்திரமும் அதனுடையவைதான். மார்கழியில் சோதித்தபோது சுத்தமாக இருந்தது. அப்புறம் சோதிக்கவில்லை. என் மாடு என்ன தின்கிறது என்று எனக்குத் தெரியாதா!

பிப்ரவரி 15, வியாழன்

சீப்பில் கொத்தாக முடி. மகள் நிவேதாவுக்கும் அப்படித்தான். பன்னிரண்டாவது பரீட்சை நெருங்குகிறது, அந்தப் பயத்தில் வயிறும் சரியில்லை என்கிறாள். புது போர்வெல் தண்ணீர் உப்பு. அதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு டம்ளர் பால் குடி, எல்லாம் சரியாகும் என்றேன். குடிக்கிறாள், பாவம்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் மில் வேலையை விட்டு இரண்டு மாடு வைத்த நாளிலிருந்து ஒரு விஞ்ஞானி ஆகிவிட்டார். மூன்று வாரமாக ஏதோ காய்த்தோலை அரைத்துத் தவிட்டோடு கலக்கிறார். எங்கிருந்து என்று கேட்டேன். "சொன்னா நீ ஆபீசுல போயி உளறிப்போடுவ. அப்பறம் ஊரே வந்து அள்ளிட்டுப் போயிரும்" என்று சிரித்தார். மாடு ஒதுக்காமல் தின்கிறதாம். சாணி மட்டும் கொஞ்சம் இளகிப் போகிறது. தெரிந்தவர்கள் கேட்டால் மூட்டை கட்டிக் கொடுக்கவும் செய்கிறார். இருக்கட்டும், மனிதர் சந்தோஷமாக இருக்கிறார்.

பிப்ரவரி 19, திங்கள்

டாக்டரும் நானும் அவினாசியப்பன் தோட்டத்துக்குப் போனோம். நான்கு நாளில் மூன்று மாடு செத்துப்போய்விட்டது. அதில் ஒன்று நிறைசினை. நாங்கள் போவதற்குள் பொக்லைன் வைத்துப் புதைத்துவிட்டார். மிச்சம் இரண்டு, கண்ணில் உயிரில்லாமல் நிற்கின்றன, நாலு நாளாகத் தீனியைத் தொடவில்லை. பின்னங்காலெல்லாம் கழிச்சல்.

அங்கே மாடு பார்ப்பவர் மாரப்பன். ஐம்பது வயது இருக்கும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாட்டின் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டே நின்றார். அதனால்தான் என்னால் ரத்தம் எடுக்க முடிந்தது. பாலும் மூத்திரமும் எடுத்தேன்.

அவினாசியப்பன் டாக்டரிடம் சத்தமாகச் சொன்னார், மாரப்பனுக்குக் கேட்கட்டும் என்றே. "இவன்தானுங்க ஏதோ வெச்சுப்போட்டான். போன வாரம் தண்ணி காட்ட நேரமாயிருச்சுன்னு ஒரு அறை உட்டனுங்க. நாலு பேரு முன்னால, 'நீங்க நல்லாருக்க மாட்டீங்க'ன்னான். கேட்டவங்க இருக்கறாங்க." டாக்டர், "மொதல்ல என்ன தின்னுச்சுன்னு பாக்கலாம்ங்க" என்றார்.

படிவத்தில் 'தீனி: உரிமையாளர் கூற்று' என்று ஒரு கட்டம். வைக்கோல், சோளத்தட்டு என்று அவினாசியப்பன் சொன்னதை எழுதினேன். மாரப்பனும் தீனியைப் பற்றி என்னிடம் ஏதோ சொன்னார். மாடு பார்ப்பவர் கூற்று என்று கட்டம் இல்லை. ஐஸ் பெட்டி வேறு உருகிக்கொண்டிருந்தது. கிளம்பிவிட்டோம்.

பிப்ரவரி 21, புதன்

நாள் முழுக்க எந்திரத்தோடு மல்லுக்கட்டு. பூஜ்ஜியப் பாலை விட்டால் அது வரையும் கோட்டில் ஒரு சின்ன மேடு காட்டியது. குழாயைக் கழுவினேன், மறுபடியும் மேடு. ரத்தத்திலும் மூத்திரத்திலும் அப்படியே. பழைய எந்திரம், இதற்குமேல் என்ன செய்ய. பொத்தானை அழுத்தி அதையே பூஜ்ஜியம் ஆக்கினேன். மேடு மறைந்தது.

அப்புறம் அவினாசியப்பனின் இரண்டு மாடுகள். பால், ரத்தம், மூத்திரம் மூன்றிலும் ஒன்றும் இல்லை. 'கொல்சிசின் கண்டறியப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரும் போட்டார். அவருக்கு ஆச்சரியம். "கண்வலியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பிப்ரவரி 23, வெள்ளி

மாரப்பனைப் போலீஸ் கூட்டிப்போய்விட்டது.

செடி விஷம் இல்லை என்று ஆய்வகமே சொல்லிவிட்டதாம், அப்படியென்றால் மனிதன் வைத்த விஷம்தானாம். டீக்கடையில் இப்படித்தான் பேச்சு. நான் அப்படியா எழுதினேன்? நான் எழுதியது ஒரே ஒரு விஷத்தைப் பற்றி. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் சொன்னார்: "பாவம் அவினாசி. நம்மள நம்பி ரெண்டு மூட்ட வாங்கிட்டுப் போனான், தீனி போட மாடே இல்லாமப் போச்சு." மோர் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

பிப்ரவரி 24, சனி

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26, திங்கள்

மாரப்பனின் மனைவி பாவாயி ஆய்வக வாசலுக்கு வந்துவிட்டாள். காவலாளி உள்ளே விடவில்லை, நான் வெளியே போனேன். வெயிலில் வந்த முகம்.

"நீங்கதானுங்களா பாலப் பாத்து எழுதுனது?"

ஆமாம் என்றேன்.

"அவரு வெசம் வெப்பாருங்களாம்மா? செனமாடு படுத்துக்கிட்டப்ப அத நிமுத்தி நிமுத்தி வெச்சு இடுப்புப் புடிச்சுக்கிச்சு அவருக்கு. சொந்த மாடாட்டம் அழுதாருங்க. போலீசுல கேட்டா, காயிதம் வந்துருச்சுங்கறாங்க. அந்தக் காயிதத்துல என்னங்க எழுதுனீங்க?"

"பால்ல என்ன இருக்குதுன்னுதாம்மா எழுதுவோம். யாரு செஞ்சாங்கன்னு எழுத மாட்டோம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அதிகாரி மாதிரி இருந்தது.

"இன்னொருக்காப் பாருங்கம்மா. நல்லாப் பாருங்க."

"எந்திரம் பொய் சொல்லாதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 28, புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

செவலை நேற்றிலிருந்து சரியாகக் கறக்கவில்லை. பூஜ்ஜியத்துக்குப் பால் தேவைப்பட்டதால் காவலாளியின் அக்கா வீட்டு மாட்டிலிருந்து வாங்கிவந்தேன். அதை எந்திரத்தில் விட்டேன். மேடே இல்லை. கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அட, எந்திரம் சரியாகிவிட்டதே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு முட்டாள்.

குளிர்பெட்டியில் தேதி போட்டு வைத்திருந்த எங்கள் வீட்டுப் பாலை எடுத்து விட்டேன். மேடு வந்தது. குழாயைக் கழுவினேன். மறுபடி விட்டேன். வந்தது. தெரிந்த அளவு கொல்சிசின் கலந்த பாலை விட்டேன். அதே நிமிடத்தில், அதே இடத்தில் மேடு. மூன்று தடவை செய்தேன். நாலாவது தடவை செய்ய என்னால் முடியவில்லை.

புதுப் பூஜ்ஜியத்தை வைத்து அவினாசியப்பன் மாடுகளின் பாலைப் பார்த்தேன். இருக்கிறது. ரத்தத்துக்கும் மூத்திரத்துக்கும் மார்கழியில் எடுத்துவைத்த செவலையின் பழைய மாதிரிகளைப் பூஜ்ஜியமாக வைத்தேன். அவற்றிலும் இருக்கிறது. நாலு நாள் பட்டினி கிடந்த மாட்டில் மிச்சமிருந்த விஷமும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் எங்கள் மாட்டின் விஷமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன், ஒன்றுமில்லை என்று வந்தது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதை வைத்துத்தான் ஒரு மனிதனை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

நிவேதா அந்தப் பாலைத்தான் தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறாள். நான்தான் குடிக்கச் சொல்கிறேன்.

பிப்ரவரி 29, வியாழன்

நேற்று வீட்டுக்குப் போனதும் அடுப்பில் இருந்த பாலைச் சாக்கடையில் கொட்டினேன். நிவேதா, "அம்மா, என்னாச்சு உனக்கு?" என்று பயந்துவிட்டாள். தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் கொட்டினேன்.

மாட்டுக் கொட்டகைக்குப் போய் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, அது என்ன தோலு?"

"எதுக்கு இப்ப?"

"என்ன தோலுன்னு கேட்டன்."

"வெதக் களத்துல கண்வலிக்காயி ஒடச்சுப்போட்டுத் தோல மலையாட்டம் கொட்டியிருக்கறாங்க. வெதயிலதான வெசம். தோலு வெறும் சக்கைதான. தவுட்டோட அரைச்சா மாடு நல்லாத் திங்குது. மாடு செத்தா போச்சு?"

"அவினாசி மாடு செத்துப்போச்சுங்க."

அவர் புரியாமல் பார்த்தார். அப்புறம் புரிந்தது. அந்த முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. தோலோடு தோலாக விதை எவ்வளவு ஒட்டிக்கொண்டிருந்ததோ, அந்த மூட்டையில் எவ்வளவு போனதோ, யாருக்குத் தெரியும். "இன்னம் மூணு ஊட்டுக்குக் குடுத்திருக்கறன்" என்றார் மெதுவாக. பிறகு கோபம் வந்தது. "உனக்கு மொதல்லயே தெரியுமில்ல? நீதான வெசம் அளக்கறவ!"

தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அது பொய்.

தோட்டத்தில் மாரப்பன் என்னிடம் சொன்னது இதுதான்: "புதுத் தீனி போட்டதுலருந்துதான் மேடம் இப்பிடி. உங்க ஊட்டுக்காரரு குடுத்த மூட்டைங்க." அங்கே கொட்டகை மூலையில் இரண்டு காலிச் சாக்கு கிடந்தது. எங்கள் வீட்டுச் சாக்கு, வாயை நான் கட்டிய கயிறு. பார்த்தேன். இருக்காது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். இந்த டைரியில்கூட 'ஏதோ சொன்னார்' என்றுதான் எழுதியிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, அந்த மூன்று வீட்டுக்கும் தீனியை நிறுத்தச் சொல்லிப் போன் போட்டார்.

மார்ச் 1, வெள்ளி

டாக்டரிடம் இரண்டு கோடுகளையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தார்.

"எந்திரக் கோளாறு, மறு ஆய்வுன்னு போட்டுருவோம் யசோதாம்மா. ரெண்டாவது ரிப்போர்ட்ல உண்மையான அளவு வந்துரும். அந்தாளும் வெளிய வந்துருவான். பூஜ்ஜியம் யாரு வீட்டுப் பாலுன்னு யாரும் கேக்கப்போறதில்ல."

"கேக்கணும் சார். எந்திரம் சரியாத்தான் இருந்துச்சு. மேட்டக் காட்டிட்டேதான் இருந்துச்சு. நாந்தான் அழுத்துனேன்."

"உங்க வேலைக்கே வரும்."

"வரட்டும் சார்."

சொல்லும்போது தைரியமாகத்தான் சொன்னேன். கழிப்பறைக்குள் போய் அழுதேன். பதினாறு வருடம். வேறு என்ன வேலை எனக்குத் தெரியும்?

கூட்டிப்போக வீட்டுக்காரர் வண்டியோடு வந்திருந்தார். இரண்டு நாளாகப் பேச்சில்லை. அறிக்கையை வாங்கி வாசல் வேப்பமரத்தடியில் நின்றபடியே படித்தார். 'பூஜ்ஜியத்துக்கான பால் ஆய்வகப் பணியாளரின் வீட்டு மாட்டிலிருந்து பெறப்பட்டது. அம்மாட்டுக்கும் இறந்த மாடுகளுக்கும் ஒரே தீனி அளிக்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தேன்.

"தீனி ஆரு குடுத்தான்னு இல்லயே" என்றார்.

"வேண்டாம்னு உட்டுட்டேனுங்க."

"எழுது. செய்யாதவன் பேரு ஸ்டேசன்ல எழுதியிருக்குது. செஞ்சவன் பேரு வேண்டாமா?"

உள்ளே போய் எழுதினேன். சென்னியப்பன் என்ற பெயரை இத்தனை வருடத்தில் ரேஷன் கார்டுக்கு எழுதியிருக்கிறேன், பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறேன். கை இப்படிக் கனத்ததில்லை.

மார்ச் 2, சனி

காலையில் அவர் மூன்று வீட்டுக்கும் போய் மூட்டைகளைத் திருப்பி எடுத்துவந்தார். ஒரு வீட்டில் கன்று செத்திருக்கிறது. எங்கள் மூட்டைகளையும் சேர்த்துக் குழி தோண்டிப் புதைத்தார். சாயங்காலம் அவரே ஸ்டேஷனுக்குப் போனார். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறார்கள், கூப்பிடும்போது வர வேண்டுமாம். நிவேதாவுக்கு ரத்தம் பார்த்தோம். பயப்பட ஒன்றுமில்லை, முடி திரும்ப வளரும் என்றார் மருத்துவர். என்ன நடந்தது என்று அந்த மருத்துவரிடம் முழுசாகச் சொன்னேன்.

மார்ச் 4, திங்கள்

மாரப்பனை விட்டுவிட்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எந்திரத்தைத் தொடக்கூடாதாம். புட்டி கழுவிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 6, புதன்

மாரப்பன் ஆய்வகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. இந்தக் கொஞ்ச நாளில் பாதியாகிவிட்டார்.

"அந்தப் புதுக் காயிதத்துல எம்பேரு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மாடு இருக்கிறது, உரிமையாளர் இருக்கிறார், தீனி கொடுத்தவர் இருக்கிறார். அவர் இல்லை. அப்படி ஒரு கட்டம் அதில் கிடையாது.

"உட்டுட்டாங்க மேடம், அது சரி. ஆனா ஊருல, தப்பிச்சுட்டான்னுதான் பேசறாங்க. செய்யலைன்னு ஒருத்தரும் பேசல. நேத்து ஒரு மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடுச்சு, புடிக்கலாம்னு போனன். 'ஏ, மாட்டத் தொடாத'ன்னு சத்தம் போட்டாங்க. இருவத்தெட்டு வருசமா மாடுதானுங்க பாக்கறன். உங்ககிட்டச் சொன்னனில்லீங்க? அன்னிக்கே சொன்னனில்ல?"

"சொன்னீங்க."

"அப்பறம் ஏனுங்க எழுதல?"

என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற என்று சொல்லியிருக்கலாம். அதுகூட முழு உண்மையில்லை. மாரப்பன் சொன்னது எனக்குப் பொருட்டாகவே படவில்லை. தோட்டத்துக்காரர் சொன்னதை எழுதிக்கொண்டேன், மாடு பார்ப்பவர் சொன்னதை விட்டுவிட்டேன், பதினாறு வருடமாக அப்படித்தான். இதை அவரிடம் சொன்னேன்.

ஆய்வகத் தாளில் நான் எதையும் எழுத இப்போது அனுமதி இல்லை. இந்த டைரியில் நடந்ததை ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, கிழித்துக் கொடுத்தேன். அவர் மெதுவாகப் படித்தார். உதடு அசைந்தது.

"சீல் இல்லீங்களா?"

"இல்லீங்க. இது ஆபீசு சொல்றதில்ல, நான் சொல்றது."

யோசித்தார். "நான் படிச்சு என்னங்க ஆகப்போகுது. ஊருதான் கேக்கோணும். ஞாயித்துக்கெழம காத்தால பால் சொசைட்டிக்கு வாங்க. எல்லாரும் பாலூத்த வருவாங்க. நீங்களே படிங்க."

வருகிறேன் என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

காலை ஆறரைக்குப் போனோம். வீட்டுக்காரரும் வந்தார், வரச் சொல்லி நான் கேட்கவில்லை. கேனும் தூக்குப்போசியுமாக முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். மாரப்பன் பாவாயியோடு பால் ஊற்றும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தாளை என் கையில் கொடுத்தார்.

படித்தேன். "அவினாசியப்பன் தோட்டத்து மாடுகள் செத்தது என் கணவர் சென்னியப்பன் தெரியாமல் கொடுத்த தீனியால். மாரப்பன் எந்த விஷமும் வைக்கவில்லை. தீனியில்தான் கோளாறு என்று முதல் நாளே என்னிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். நான் காதால் கேட்டேன், எழுதவில்லை. தப்பான பாலைப் பூஜ்ஜியம் என்று வைத்துத் தப்பான அறிக்கை கொடுத்தேன். அதனால்தான் அவர் ஸ்டேஷனுக்குப் போனார். இப்படிக்கு, யசோதா."

சொசைட்டிக்காரர் அளவையைக் கையில் பிடித்தபடியே நின்றார். அப்புறம் ஒருவர், "அட, நாங்கூட என்னென்னமோ பேசிப்போட்டன் மாரப்பா" என்றார். மாரப்பன் அவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஆனால் நகரவில்லை.

முடிந்தது என்று நினைத்துத் தாளை மடித்து மாரப்பனிடம் நீட்டினேன். அப்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவினாசியப்பன், மிச்சமிருக்கும் இரண்டு மாட்டின் பாலில் இப்போது விஷமில்லை என்ற சோதனைச் சீட்டைச் சொசைட்டியில் காட்ட வந்திருந்தார். கூட்டம் ஏன் இப்படி நிற்கிறது என்று பார்த்தார்.

மாரப்பன் தாளை வாங்கவில்லை.

"அவரு இப்பத்தான் வாராரு மேடம்" என்றார். "மொதல்லருந்து படிங்க."

தாளைப் பிரித்து முதலிலிருந்து படித்தேன்.